முத்திரை இல்லாத தூங்குமூஞ்சி

சும்மா இருப்பது என்பது தங்கைக்குப் பிறவியிலேயே வராத ஒன்று. பகலில் பல் செட் செய்யும் கூடத்தில் முன்பின் தெரியாதவர்களின் பல்லுக்கு மஞ்சள் ஏற்றிக்கொண்டிருப்பாள். வெள்ளை வெளேரென்று விட்டால் பொய்ப்பல் என்று காட்டிக்கொடுத்துவிடுமே. வீட்டுக்கு வந்தால் வினைல் பொம்மைகள். ஒரு பொம்மையை ஹேர் டிரையரால் சூடேற்றி, தலை வேறு கை வேறாகக் கழற்றி, பழைய பெயிண்டைத் துடைத்து, இஷ்டத்துக்கு வண்ணம் பூசி மறுபடி மாட்டுவாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் அண்ணனுக்கும் பொம்மைப் பைத்தியம்தான். ஆனால் அவன் சேர்ப்பவன், மாற்றுபவன் இல்லை. தூசி தட்டுவதற்குக்கூடத் தனி பிரஷ் வைத்திருந்தான். ஒரே அலமாரியில் மேல்தட்டுகள் அவனுக்கு, கீழ்த்தட்டுகள் அவளுக்கு. இத்தனை வருஷம் குடுமிப்பிடிச் சண்டை இல்லாமல் ஓடியதே பெரிய விஷயம்.

போன வாரம் அண்ணன் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு தூங்குமூஞ்சிப் பொம்மையோடு வந்தான். ஒரு சாண் உயரக் கரடி, தொங்கும் கன்னம், பாதி மூடிய கண். அதை உருவாக்கிய கலைஞர் மொத்தமே இருநூறுதான் செய்து விற்றிருந்ததால், சேர்ப்பவர்கள் அதற்காக நாயாய்ப் பேயாய் அலைவார்கள்.

தங்கை அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். "அண்ணா, இது டூப்ளிகேட். உள்ளங்கால்ல அவரு முத்திரை இல்ல. இடது கண்ணு வேற வழிஞ்சு கிடக்கு. நல்லா ஏமாந்துட்ட."

"அவருக்கே போட்டோ அனுப்பிக் கேட்டிருக்கேன். பதில் வர்ற வரைக்கும் இது மேல கை வைக்காத."

"அந்தக் குப்பைய யாரு தொடப் போறா?"

அண்ணன் நான்கு நாள் வேலையாக வெளியூர் போனான். இரண்டாம் நாளே அவள் தொட்டாள். போலிதானே, அழகாக மாற்றி வைத்தால் அசந்துபோவான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வழக்கம்போல முதலில் நாலு பக்கமும் போட்டோ எடுத்தாள். பிறகு நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தாள். பத்து நிமிஷத்தில் தூங்குமூஞ்சிக்கு மூஞ்சியே இல்லை.

மறுநாள் காலை அண்ணன் போனில் கத்தினான்.

"பதில் வந்துருச்சு! அச்சு சரியா விழுதான்னு பாக்க அவரு முதல்ல பன்னிரண்டு வார்த்தாராம். அதுல எதுலயும் முத்திரை கிடையாதாம், முகமெல்லாம் அவரே கையால போட்டாராம். ஞாயித்துக்கிழமை பொம்மைக் கண்காட்சிக்கு வர்றாரு. எடுத்துட்டு வாங்க, நேர்ல பாத்துக் கையெழுத்துப் போடுறேன்னுட்டாரு. பன்னிரண்டுல ஒண்ணு நம்ம வீட்ல, நம்புறியா?"

அவள் மூஞ்சியில்லாத கரடியைப் பார்த்தாள். "ம்" என்று மட்டும் சொன்னாள்.

உண்மையைச் சொல்லிவிடலாமா? அண்ணன் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அவன் திட்டமாட்டான். "சரி, விடு" என்பான். அதன்பிறகு எந்தப் பொம்மையையும் அவளை நம்பி விட்டுப்போக மாட்டான். அதை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

அன்று வேலையில் கோரைப்பல் இருக்க வேண்டிய இடத்தில் கடைவாய்ப்பல்லை வைத்தாள். மேற்பார்வையாளர் முறைக்க, தலைவலி என்று சொல்லிக் கிளம்பினாள். போட்டோக்களைப் பார்த்துப் பார்த்து மெல்லிய பூச்சுகளாகப் பெயிண்டை ஏற்றினாள். கன்னம் வந்தது, மூக்கு வந்தது. இடது கண் மட்டும் வராமல் உயிரை வாங்கியது. நேராக வரைய அவளுக்குத் தெரியும். இன்னொருவர் கை நழுவிய இடத்தில் நழுவத் தெரியவில்லை. எத்தனை முறை துடைத்தாள் என்று கணக்கே இல்லை. கடைசியில் எரிச்சலில் இழுத்த ஒரு கோடு தானாக வழிந்து நின்றது. காயும்வரை பொறுக்காமல் தொட்டாள். விரல் ரேகை பதிந்தது. மறுபடி பூசினாள், மறுபடி தொட்டாள். ஃபேனுக்கு அடியில் வைப்பாள், முகர்ந்து பார்ப்பாள், ஜன்னலைத் திறப்பாள், மூடுவாள்.

சனிக்கிழமை சாயங்காலம் வந்தவன் கேட்டான்: "என்ன, பெயிண்ட் வாசனை தூக்குது?"

"என் பொம்மைக்கு அடிச்சேன்."

அவன் தூங்குமூஞ்சியைப் பெட்டிக்குள் வைத்து மூடினான்.

கண்காட்சியில் கலைஞர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பொம்மையை விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். தங்கையால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. இரண்டு தடவை கழிப்பறைக்குப் போய்வந்தாள். அப்போதும் அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

"இந்த இடது கண்ணு..." என்று இழுத்தார். "ஆமா, எனக்கு அன்னைக்கு நல்ல காய்ச்சல். கை நடுங்கினது இன்னும் ஞாபகம் இருக்கு. இது என் கைதான் தம்பி. நான் போட்டதுலயே இதுதான் நல்லா வந்திருக்கு." உள்ளங்காலில் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. பிழைத்தோம் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றியது எரிச்சல்தான். காய்ச்சலாம், நடுக்கமாம்! தன் கை எது, ஊரான் கை எது என்று தெரியாத மனுஷன்!

பஸ்ஸில் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் இடம் கிடைத்தது. அண்ணன் பெட்டியை மடியில் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்சிக்கொண்டே வந்தான்.

"இந்தக் கண்ணைப் பாரேன். எவ்வளவு தூக்கம், எவ்வளவு சோகம்! தப்பா நெனச்சுக்காத, நீயும் வருஷக்கணக்கா வரையுற, இப்படி ஒரு கண்ணு வந்திருக்கா?"

அடக்க முடியவில்லை. வாயிலிருந்து வந்தேவிட்டது.

"அது நான் வரைஞ்சதுண்ணா."

"எது?"

"கண்ணு, கன்னம், மூக்கு, எல்லாமே. போலின்னு நெனச்சுப் பழசை அழிச்சுட்டேன். நீ போன் பண்ணினப்புறம் பயந்துபோய்த் திரும்ப வரைஞ்சேன். சத்தியமா."

அண்ணன் அவளை உற்றுப் பார்த்தான். கோபம் வந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். வந்தது சிரிப்பு, அதுவும் வருத்தமான சிரிப்பு.

"அன்னைக்குப் போலின்னு சொன்ன. செஞ்சவரே என் கைதான்னு கையெழுத்துப் போட்டதும் நான்தான் வரைஞ்சேன்ங்கிற. எனக்கு ஒரு நல்லது கிடைச்சா உனக்கு ஏன் இவ்வளவு வயித்தெரிச்சல்?"

"அண்ணா, நான்..."

"சரி, விடு."

பெட்டியை மூடினான். மடியிலிருந்த அதை எடுத்து, அவளுக்கு எட்டாதபடி ஜன்னல் பக்கமாக மாற்றி வைத்துக்கொண்டான்.