சரியாகச் சொன்ன வார்த்தை

மெர்வின் வாயில் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: "ரைட்டு." மழை பெய்தாலும் ரைட்டு, பெய்யாமல் கோதுமை கருகினாலும் ரைட்டு. குதிரை உதைத்து விலா எலும்பு விரிசல் விட்ட அன்று, வலிக்கிறதா என்று கேட்ட டாக்டரிடமும் அதையே சொன்னான். கங்காரு நாட்டில், மாலி வட்டாரத்து வறண்ட மண்ணில் பிழைக்கிறவர்கள் அநேகமாக எல்லோரும் அப்படித்தான். ஆனால் கல்யாணத்தில் பாதிரியார் "இவளை ஏற்றுக்கொள்கிறாயா?" என்று கேட்டபோதும் "ரைட்டு" என்றவன் இவன் ஒருவன்தான். டல்சி அதை மன்னிக்கச் சில நாள் பிடித்தது.

அவன் போருக்குக் கப்பலேறியபோது டல்சி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அவளுடைய ஒரே தம்பி நெவிலும் விமானப்படைக்குப் பெயர் கொடுத்திருந்தான்.

"அவனைப் பத்திரமா கூட்டிட்டு வா மெர்வ். நீ வரலைன்னா நான் அழுது தீர்த்துக்குவேன். அவன் வரலைன்னா எங்கம்மா செத்துப் போயிடும்."

"ரைட்டு" என்றான்.

அந்த வாக்குக்காகத்தான், இங்கிலாந்து போய்ச் சேர்ந்ததும் தன் விமானியான இங்கிலீஷ்காரன் டெஸ்மண்டின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, நெவிலையும் தங்கள் குண்டுவீச்சு விமானத்திலேயே வால் துப்பாக்கிக்குச் சேர்த்துக்கொண்டான். பக்கத்தில் இருந்தால் காப்பாற்றிவிடலாம் என்று நினைப்பு. மெர்வினுக்கு வேலை மூக்கில், நெவிலுக்கு வாலில். மூக்கிலிருந்து வாலைப் பார்க்க முடியாது என்பது அப்போது அவனுக்கு உறைக்கவில்லை.

மூக்கில் குப்புறப் படுத்துக்கொண்டு, கீழே இலக்கைப் பார்த்து விமானிக்கு வழி சொல்ல வேண்டும். இடப்பக்கம் என்றால் 'லெஃப்ட், லெஃப்ட்' என்று இரண்டு தடவை. வலப்பக்கம் என்றால் 'ரைட்' என்று ஒரே தடவை. இயந்திர இரைச்சலில் குழம்பாமல் இருக்க அப்படி ஒரு ஏற்பாடு. முதல் பயிற்சியில் டெஸ்மண்ட் "ரெடியா?" என்று கேட்க, இவன் "ரைட்டு" என்றான். விமானம் வலப்பக்கம் சாய்ந்தது. பயிற்சிக் குண்டு யாரோ ஒரு புண்ணியவானின் முட்டைக்கோஸ் தோட்டத்தில் போய் விழுந்தது.

"டேய், அது எந்த ரைட்டுடா? வலது ரைட்டா, சரி ரைட்டா?"

"சரி ரைட்டு."

"அப்போ வலதுக்கு என்ன சொல்லுவே?"

"அதுக்கும் ரைட்டுதான்."

வாலிலிருந்து நெவிலின் சிரிப்பு காதுக்குழாயில் கேட்டது. "மச்சான், எங்க வீட்டுக் குதிரைங்களாவது உன்னைப் புரிஞ்சுக்குது. அதுங்ககிட்ட நீ 'ஜீ'ன்னுல்ல சொல்லுவே!"

ஏரில் பூட்டிய குதிரைகளை வலப்பக்கம் திருப்ப மாலியில் சொல்கிற சொல் அது. டெஸ்மண்டுக்கு அது பிடித்துப்போயிற்று.

"இனிமே வலதுன்னா ஜீ. நீ ரைட்டுன்னு சொன்னா நான் காதுலயே வாங்க மாட்டேன், நேரா போய்க்கிட்டே இருப்பேன். சத்தியம்."

சத்தியத்தை அவன் காப்பாற்றினான். 'ஜீ' கேட்டால் குதிரைபோல் ஒரு கனைப்புக் கனைத்துவிட்டு விமானத்தைத் திருப்புவான். சாவுக்கு மேலே பறந்துகொண்டு ஏழு பேர் சிரித்தார்கள். அப்படியே கோடைவரை உயிரோடு இருந்தார்கள்.

கோடையில் தரைப் பயிற்சி ஒன்றில் மேலதிகாரி ஒருவர் இந்த 'ஜீ'யைக் கேட்டுவிட்டார். "இதென்ன வானமா, வயக்காடா?" என்று கத்தி, மெர்வினைப் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் நிற்கவைத்து, காலை முழுக்க 'ரைட்', 'ரைட்' என்று சொல்லவைத்தார். வெளியே வந்ததும் டெஸ்மண்ட் அவன் தோளைத் தட்டினான்.

"அந்தாளு தரையிலதான் கத்துவாரு. மேல போனா நம்ம ராஜ்ஜியம். நீ ஜீயே சொல்லு."

"ரைட்டு."

மறுநாள் பட்டப்பகலில் பிரான்சுக்கு மேலே போனார்கள். கண்ணுக்கு எட்டியவரை தங்கள் விமானங்கள்தான், மேலேயும் கீழேயும். இலக்கு நெருங்கியது. மெர்வின் எதேச்சையாகத் தலையைத் தூக்கினான். இடப்பக்கம் உச்சியிலிருந்து இன்னொரு விமானம், சொந்தப் படையினுடையது, தங்கள் தலைக்கு மேலே நகர்ந்து வந்துகொண்டிருந்தது. அதன் வயிற்றுக் கதவுகள் திறந்திருந்தன. உள்ளே வரிசையாகக் குண்டுகள்.

"ரைட்!" என்று கத்தினான்.

ஒரே தடவை. பாடத்தில் உள்ளபடி, அட்சரம் பிசகாமல்.

"நல்லது மெர்வ்" என்றான் டெஸ்மண்ட். நேராகப் போய்க்கொண்டே இருந்தான்.

மெர்வின் அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறப்பதற்குள் விமானம் ஒரு குலுக்குக் குலுங்கியது, அவ்வளவுதான். டெஸ்மண்ட் எப்படியோ அதைச் சமாளித்துத் திருப்பினான். ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். வாலிலிருந்து பதில் வரவில்லை. மெர்வின் பின்னால் தவழ்ந்து போனான். நெவில் உட்கார்ந்திருந்த கூண்டு இருந்த இடத்தில் வெறும் வானம். அந்தக் கூண்டுக்குள் பாராசூட் வைக்க இடம் கிடையாது. வெளியே கொக்கியில்தான் மாட்டிவைப்பார்கள். அது மாட்டினபடியே தொங்கிக்கொண்டிருந்தது. மெர்வின் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். காற்றில் அவன் அழுகை அவனுக்கே கேட்கவில்லை.

தரையிறங்கிய பிறகும் டெஸ்மண்ட் இருக்கையை விட்டு எழவில்லை.

"நீ ரைட்டுன்னியா?"

"ஆமா."

"நான் சரின்னு நெனச்சேன்டா."

"தெரியும்."

பகைவர் சுட்டதில் இறந்தான் என்று வீட்டுக்குத் தகவல் போயிற்று.

போர் முடிந்து மெர்வின் ஊர் திரும்பினான். மாமியார் செத்துப்போகவில்லை. மனிதர்கள் அவ்வளவு சுலபத்தில் சாவதில்லை. ஆட்டிறைச்சியை வறுத்து நெவிலுக்கும் ஒரு தட்டு வைத்துக்கொண்டு உயிரோடு இருந்தாள். டல்சிதான் விடவில்லை. குதிரைக் கொட்டிலில் வைத்து மடக்கினாள்.

"உண்மையைச் சொல்லு. என்ன நடந்துச்சு?"

"மேலேருந்து குண்டு விழுந்துச்சு. நம்ம ஆளுங்க போட்டது. நான் பார்த்தேன். ரைட்டுன்னு கத்தினேன். டெஸ்மண்ட் திருப்பல."

'ஜீ'யைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் டல்சி முந்திக்கொண்டாள்.

"நீ சரியாத்தானே சொல்லியிருக்கே! அவனுக்குக் காது அடைச்சுப் போச்சா? அந்த இங்கிலீஷ்காரன்தான் கொன்னிருக்கான் என் தம்பியை!"

அவன் வந்த நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசாதவள், அவன் தோளில் தலையைச் சாய்த்து ஓவென்று அழுதாள். மீதியைச் சொன்னால் அந்தத் தலை விலகிவிடும். மெர்வின் மீதியைச் சொல்லவில்லை.

மறுவருடம் அறுவடைக்கு முன்னால், புழுதி பறந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், டெஸ்மண்டே வந்து வாசலில் நின்றான். கையில் தொப்பி. ஆள் பாதியாக இளைத்திருந்தான். கடல் தாண்டி வந்தவன் படியேறவில்லை.

"அம்மா, நான் நெவிலோட விமானி. மன்னிப்புக் கேக்க வந்தேன்."

டல்சி உள்ளே வா என்று சொல்லவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என் புருஷன் ரைட்டுன்னு சொன்னாரா, இல்லையா?"

டெஸ்மண்ட், அவள் பின்னால் நின்ற மெர்வினைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். மெர்வினுக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் 'ஜீ'யைப் பற்றி வாய் திறக்கவில்லை.

"சொன்னான்மா" என்றான் டெஸ்மண்ட். "சரியாத்தான் சொன்னான்."

"அப்போ போ. இங்க நிக்காதே."

டெஸ்மண்ட் தொப்பியைப் போட்டுக்கொண்டு திரும்பினான். மாலியில் யார் வந்தாலும், கடன்காரனே வந்தாலும், ஒரு வாய் தேநீர் கொடுக்காமல் அனுப்புவதில்லை. ரயில் நிற்கும் இடம் அங்கிருந்து அரைநாள் நடை. வழியில் நிழல் கிடையாது. வண்டி கட்டிக் கொண்டுபோய் விடுகிறேன் என்றுகூட மெர்வின் சொல்லவில்லை.