தேபேத் பத்தாம் நாள்

நான் பிடிவாதக்காரன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் சொல்லத் தேவையில்லை.

எண்பத்தெட்டாம் ஆண்டு மார்கழி. டென்மார்க்கின் டோஸ்ட்ருப்பில் ஓர் அறையில் நானும் மட்டக்களப்புக் கிறிஸ்தவன் குருசுமுத்துவும் இருந்தோம். என் மனைவி கமலாதேவியும் ஏழு வயது மகள் நிலக்சியும் யாழ்ப்பாணத்தில். அவர்களை இங்கே அழைக்க நான் போட்ட விண்ணப்பம் பதினைந்து மாதமாக அசையவில்லை. எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அதே கதைதான். மந்திரியே நிறுத்தி வைத்திருக்கிறார் என்று பேச்சு அடிபட்டது. ஒரு சட்டத்தரணி அம்மா எங்களுக்காக முறைப்பாடு எழுதி, டிசம்பர் நத்தார்ப் பண்டிகைக்கு முன் கையெழுத்து வைத்துத் தாருங்கள் என்று ஆளுக்கொரு கடிதம் தந்திருந்தார்.

நான் வைக்கவில்லை. மார்கழியில் கல்யாணம் செய்வதில்லை, புது வீடு போவதில்லை. குடும்பம் ஒன்றுசேரும் காரியத்தை மட்டும் தொடங்கலாமோ? தை பிறக்கட்டும் என்று இருந்துவிட்டேன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போகட்டுமா என்று கமலா கேட்டதற்கும், தை பிறக்கும்வரை வீட்டை விட்டு அசையாதே என்று எழுதியிருந்தேன்.

"தை பிறந்தா வழி பிறக்கும் எண்டு டேனிஷ்காரனுக்கு ஆர் சொன்னது?" என்றான் குருசுமுத்து. "ஆறின கஞ்சி பழங்கஞ்சி, அண்ணை."

"உன்ர வேலையைப் பார். வேதக்காரனுக்கு உது விளங்காது" என்று அவன் வாயை அடைத்தேன்.

அப்போது எனக்கு நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. பக்கத்தில் நின்று உருளைக்கிழங்கு சீவுபவள் ஹலினா, போலந்து யூதப் பெண். என் வயதுதான். அறுபத்தெட்டில் அங்கே யூதர்களை விரட்டியபோது இங்கே அகதியாக வந்தவள். இத்தனை வருடம் ஆகியும் அவள் டேனிஷும் என்னுடையதைப் போல அரைகுறை என்பதால் ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாக விளங்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் சாப்பிடவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. விரதமா என்று கேட்டேன். ஆம், இன்று தேபேத் மாதம் பத்தாம் நாள் என்றாள்.

"இன்றைக்குத்தானா உங்கள் கோயில் இடிந்தது?"

"இல்லை. அது கோடையில், அதற்கு வேறு விரதம். இன்றைக்குப் பாபிலோன் படை வந்து எருசலேமைச் சுற்றி வளைத்தது."

"அவ்வளவுதானா? மதில் விழவில்லையா?"

"ஒரு கல்லும் விழவில்லை. சந்தை நடந்தது, வீட்டில் மாவு இருந்தது. படை போய்விடும், பார்க்கலாம் என்று எல்லோரும் இருந்திருப்பார்கள்." கத்தியைக் கீழே வைத்தாள். "எங்கள் விளக்குப் பண்டிகை இந்த மாதம் பிறந்த கையோடு முடிந்துவிடும். பிறகு வெறும் குளிரும் இருட்டும். அந்த இருட்டில் ஒரு நாள் பசியோடு இருந்து யோசிக்க வேண்டும். விழுந்ததை நினைத்து அழுவதற்கு அல்ல. விழுவதற்கு முன் செய்யக்கூடிய எதைச் செய்யாமல் இருக்கிறோம் என்று பார்ப்பதற்கு. அப்பா அப்படித்தான் சொல்லுவார். வார்சாவுக்கு ஜெர்மன் படை வந்தபோது அவருடைய வீட்டாரும் பார்க்கலாம் என்றுதான் இருந்தார்கள்."

பிறகு அவர்களுக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. சித்தி, மாமா என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு ஒருவரும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

கிழங்கைச் சீவிக்கொண்டே கமலாவின் கடைசிக் கடிதத்தை நினைத்தேன். ஊரடங்குதான், ஆனால் பயமில்லை, வீட்டில் அரிசி இருக்கிறது என்று எழுதியிருந்தாள். அதை வாசித்துவிட்டு நான் நிம்மதியாக நித்திரை கொண்டிருந்தேன். அந்த நித்திரையை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. என் மேலேயே கோபம் கோபமாக வந்தது.

மறுநாள் காலை சட்டத்தரணியின் கந்தோருக்குப் போய் அவர் மேசையிலேயே கையெழுத்து வைத்தேன். ராகுகாலம்கூடப் பார்க்கவில்லை. அங்கிருந்து நேரே தபால் கந்தோருக்குப் போய், கொழும்பில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அக்கா தவமலருக்குத் தொலைபேசி எடுத்தேன். யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஆட்களிடம் அவர் செய்தி சொல்லிவிடுவார்.

"அக்கா, நான் கையெழுத்து வைச்சிட்டன். கமலாவை உடனே கொழும்புக்கு வரச் சொல்லுங்கோ. மார்கழி எண்டு பாக்க வேண்டாமாம் எண்டு சொல்லுங்கோ."

அக்கா, "பொறு, குடுக்கிறன்" என்றார்.

வந்தது கமலாவின் குரல்.

"நாங்கள் இங்க வந்து மூண்டு நாள். பிள்ளையின்ர பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில குண்டு வெடிச்சது. மார்கழி பிறந்த அண்டைக்கே வெளிக்கிட்டிட்டம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் ஏசுவியள் எண்டு பயம். வழி முழுக்கச் சோதனை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆமிக்கு முன்னால நிக்கேக்கையும் உங்களுக்கு என்ன சொல்லுறது எண்டுதான் யோசிச்சனான்."

நல்ல வேலை செய்தாய் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்கு முன் "கமலா!" என்று ஒரு சத்தம்தான் உரக்க வந்தது. நான் ஏசத் தொடங்கிவிட்டேன் என்று நினைத்து, கமலா என்னிடம் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள்.