இருநூற்றுப் பதினோராம் மரத்தின் காயம்

கத்தியைக் கொடு என்று பீல்ட் ஒபிசர் இராமசாமி சொன்னதும் ஷாமிளாவுக்கு உச்சிவரை சுர்ரென்று ஏறியது. ஏழு வருடமாக அவள் பால் வெட்டும் முந்நூறு றப்பர் மரங்களில் பத்தொன்பதில் பால் வற்றிப்போய்விட்டது. ஆழமாக வெட்டிக் கெடுத்தாள் என்று எழுதிவிட்டார் அவர். நாளையிலிருந்து அவள் புல்லு வெட்டப் போகவேண்டுமாம்.

"காயத்தைக் காட்டுங்க ஐயா, தாறேன்."

காயம்பட்ட மரத்தில் சிவப்புப் பெயின்டால் வட்டம் போடுவது கேகாலைப் பக்கத்து அந்தத் தோட்டத்தின் வழக்கம். டப்பாவும் தூரிகையுமாகப் பத்தொன்பது மரத்தையும் சுற்றினார் மனிதர். ஒரு வட்டத்துக்கும் வழியில்லை. அதற்காக எழுதியதை அடிக்கவா போகிறார்?

"தொட்டுப் பாருங்க. பழைய வெட்டுல புதுப்பட்டை எப்படி வழவழன்னு வந்திருக்கு! பட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல மாறிழையம்னு மெல்லிசா ஒரு படை இருக்கு. அதுதான் புதுப்பட்டையை வளக்குது. என் கத்தி அதுல பட்டிருந்தா முண்டுமுண்டாத்தானே வளரும்? மழையில வெட்டாம விட்டதைப் பிடிக்கணும்னு ரெண்டு மாசமா தினமும் வெட்டச் சொன்னது யாரு? பால் ஊற மரத்துக்கு ஒருநாள் விட்டீங்களா?"

"ஓ, சயன்ஸ் டீச்சரோ?" அவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்புத்தான் அவளைச் சுட்டது. சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்தவள். உயர்தரத்தில் உயிரியல் படிக்கப் போனபோது, தமிழில் படிப்பிக்க ஆளில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். மிச்சத்தை அவள் மரத்தில் படித்தாள். அதற்கும் சிரிப்பா?

"அப்ப நீங்களே ஒரு வெட்டு வெட்டிக் காட்டுங்க. எவ்வளவு ஆழம்னு நானும் பாத்துக்குறேன்."

"இதென்ன பெரிய வித்தையா?" கத்தியைப் பிடுங்கி, பக்கத்தில் நின்ற இருநூற்றுப் பதினோராம் மரத்தில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தார். பட்டை பிய்ந்து உள்ளே வெள்ளைக் கட்டை தெரிந்தது. நல்ல மரம்!

இராமசாமி சிரிப்பதை நிறுத்தியிருந்தார். அவர் கையிலிருந்த கத்தியை ஷாமிளா வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். கீழே வைத்திருந்த தூரிகையை எடுத்து, அந்தக் காயத்தைச் சுற்றி நிதானமாக வட்டம் போட்டாள்.

"எழுதுங்க ஐயா. என் மலையில, இந்த முந்நூறு மரத்துலயும், இதுதான் மொதல் காயம். வெட்டினது யாருன்னும் சேத்து எழுதுங்க."