பச்சை உடம்புக்காரி

கதவுக்கு அந்தப் பக்கம் என் மகள் அழுகிறாள், இந்தப் பக்கம் நான் கட்டிலில் கிடக்கிறேன், பால் கட்டி ரவிக்கை நனைகிறது, யாரோ அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள், காலைத் தேய்த்து நடக்கிற சத்தத்தில் அது என் கணவரின் அக்கா செண்பகவடிவு மதினி என்று தெரிகிறது, எத்தனையோ வருடமாகிவிட்டது, மகள் வேலைக்குப் போய்விட்டாள், ஆனாலும் கண்ணை மூடினால் அந்தக் கதவுதான் வருகிறது, சில நாள் கனவில் அது ஆளுயரத்தையும் தாண்டி வளர்ந்துகொண்டே போகிறது, நான் கூப்பிடுகிறேன், குரல் வரமாட்டேன் என்கிறது.

அவள் பிறந்த அன்று பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கணவருக்குப் போனைக் கீழே வைக்க நேரமில்லை, ஆணா பெண்ணா என்று கேட்பதற்கு முன்னால் எல்லாரும் கேட்டது நார்மலா சிசேரியனா என்றுதான், அவரும் நார்மல், நார்மல் என்று தானே பெற்றெடுத்த மாதிரி பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார், எனக்கே சிரிப்பு வந்தது, அதுதான் நான் கடைசியாகச் சிரித்தது, அதற்குப் பிறகு வெகு நாளைக்குச் சிரிக்கவில்லை. எனக்குத் தாய் இல்லை, அதனால் தலைப்பிரசவத்துக்கும் புருஷன் வீட்டிலேயே இருந்துகொண்டேன், பிள்ளையைக் கையில் கொடுக்கிறார்கள், பஸ் ஸ்டாண்டில் யாரோ கொஞ்சம் பிடிச்சுக்கோங்க என்று கொடுத்துவிட்டுப் போன பையை வைத்திருப்பதுபோல வைத்திருக்கிறேன், தூக்கம் இல்லை, தலை சீவத் தோன்றவில்லை, ஒருநாள் பிள்ளையை அடுப்படித் தரையில் விட்டுவிட்டுப் பால் பொங்கி வழிவதையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன், அத்தை, என் மாமியாரைத்தான் சொல்கிறேன், ஓடிவந்து பிள்ளையை வாரிக்கொண்டு போனார், அன்றைக்குச் சாத்தியதுதான் அந்தக் கதவு.

வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. முதலில் லூசு மாதிரி இருக்கா என்றார்கள், அது பரவாயில்லை, எங்கள் வீட்டில் லூசு என்பது செல்லம், காபியில் உப்பைப் போட்டாலும் லூசுதான், பிறகு பக்கத்து வீட்டுக்காரி சொன்ன கிராக்கு, பிறகு மெண்டல், அது சண்டைக்காரச் சொல், டாக்டரைப் பார்த்து வந்த பிறகு எல்லாரும் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு எடுத்துக்கொண்டது அப்நார்மல், அதுதான் மரியாதையான சொல், அதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், வைதால் திருப்பி வையலாம், மரியாதையாகச் சொன்னதை என்ன செய்ய. நான் இங்கிலீஷைக் குறை சொல்ல மாட்டேன், என்னை எழுப்பி உட்காரவைத்த மாத்திரையின் பெயரும் இங்கிலீஷ்தான், அதை எழுதிக்கொடுத்த டாக்டரம்மாவின் கைக்குத் தங்கக் காப்புப் போட்டாலும் தகும், ஆனால் இந்த வார்த்தை ஒரு கோடு போட்டது, கோட்டுக்கு உள்ளே அவர்கள் எல்லாரும், வெளியே நான் ஒருத்தி, நடுவில் என் பிள்ளை.

பெரியவர்கள் கூடிப் பேசிய அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கரன்கோவிலிலிருந்து அப்பாவை வரவழைத்திருந்தார்கள், நான் உள்ளே, சாத்தியிருந்த கதவின்மேல் காதை வைத்துக்கொண்டு நிற்கிறேன், மாமியாரின் அண்ணன் ஆறுமுகநயினார் கனைத்துக்கொள்வது கேட்கிறது, பாருங்க சம்மந்தி, உங்க பிள்ளை அப்நார்மல், அது யாரு குத்தமும் இல்ல, நீங்க கூட்டிட்டுப் போயி நல்லா வச்சுப் பாத்துக்கிடுங்க, குழந்தை இங்கனயே வளரட்டும் என்றார். என் கணவர் மெல்ல, மாமா, மாத்திரை கேக்குது, குழந்தைய அவ கையில குடுக்கலாம்னு டாக்டரே சொல்லிட்டாவ என்றார், டாக்டர் சொல்லுவாவ, நாளைக்கு ஒண்ணுன்னா அவியளா வந்து நிப்பாவ என்றார் அவர், அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், அவர் சரி என்று சொல்லிவிடுவார், ஏழைச் சொல் அம்பலம் ஏறாது என்று நினைக்கிற மனுஷன், சொல்லிவிட்டால் அவ்வளவுதான், எனக்குப் பிள்ளை இல்லை.

அப்போதுதான் மதினியின் குரல். அம்மா, தம்பி பொறந்தப்ப நீ எங்க இருந்த, என்று கேட்டாள், நான் சொல்லட்டுமா, கிணத்தடியில, துவைக்கிற கல்லுல, விடிஞ்சா போயி உக்காந்தா பொழுதடைஞ்சாத்தான் எந்திப்ப, இவனை நான்தானம்மா இடுப்புல வச்சிக்கிட்டுத் திரிஞ்சேன், பள்ளிக்கூடத்துக்குக்கூடப் போவாம, அப்ப உன்னை யாரும் அப்நார்மல்னு சொல்லல, அந்த வார்த்தையே நம்ம தெருவுக்கு வரல, பச்ச உடம்புக்காரி, அப்படித்தான் இருப்பா, பாத்துக்கிடுங்கன்னு சொன்னாவ, எல்லாரும் பாத்துக்கிட்டாவ, உங்க அப்பா வீட்டுக்குப் போன்னு உன்னை யாராவது சொன்னாவளா, மாமா, நீங்கதான சாத்துக்குடி வாங்கிட்டு வந்து அந்தக் கல்லுலயே அம்மா பக்கத்துல உக்காந்து உரிச்சு உரிச்சுக் குடுத்திய, என்றாள்.

ஆறுமுகநயினார்தான், ஆமா, அந்த வருசம் சாத்துக்குடி கிடைக்கவே இல்ல, தென்காசி வரைக்கும் போனேன் என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார், அந்தக் குரலில் இருந்த அதிகாரம் எங்கேயோ போய்விட்டிருந்தது. மதினிக்கு நான் எத்தனை ஜென்மம் செருப்பாய்த் தேய்ந்தாலும் தீராது, நாத்தனார் என்றால் முள் என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள், கதவின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன், பச்சை உடம்பு, பச்சை உடம்பு என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன், பச்சை என்றால் ஆறும்வரை பொறுக்கத்தானே வேண்டும், அதில் உள்ளே வெளியே என்று ஒரு கோடும் இல்லை.

தாழ்ப்பாள் அசைகிறது, நான் விலகிக் கட்டிலுக்கு வருகிறேன், மதினிதான் வருவாள் என்று பார்த்தால் அத்தை, கையில் என் மகள், இத்தனை நாளும் என் முகத்தைப் பார்க்காதவர் இன்றைக்கும் பார்க்கவில்லை, குனிந்து பிள்ளையை என் மடியில் வைக்கிறார், தலையைத் தாங்கிக்கோ என்கிறார், தாங்கிக்கொள்கிறேன், உள்ளங்கை அளவு சூடு, அவள் அழுகையை நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை, அத்தை கதவை உள்பக்கமாகச் சாத்திவிட்டுக் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், அந்தக் கல்ல விட்டு வர எனக்கு ஒரு வருசம் ஆச்சுட்டி, நீ பைய வா என்றார்.