விருந்தாளி விளையாட்டு

பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகு எங்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. இருந்தவர்களுக்கெல்லாம் பிரெஞ்சுதான் தெரியும். ஹெட்மாஸ்டர் வைத்திலிங்கத்தை நாங்கள் பிரெஞ்சு மரியாதைப்படி மிசே என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு இங்கிலீஷ் வேப்பங்காய். கருவடிக்குப்பத்துப் பக்கம் இருந்த அந்த நடுநிலைப் பள்ளியில் நான் தமிழ் டீச்சர். தில்லையம்மாள் என்று பெயர், வாய்த்துடுக்கு என்று கெட்ட பெயர். ஐம்பத்தாறாம் வருஷம் கும்பகோணத்திலிருந்து சுலோசனா வந்து சேர்ந்தாள்.

வந்த மறுநாளே பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டாள். புத்தகத்தைத் திறக்கவே இல்லை. ஒரு நாள் வகுப்பறை பஸ்ஸாகும்; ஒருவன் கண்டக்டர், மற்றவர்கள் பயணிகள். ஒரு நாள் ஆஸ்பத்திரி. எங்கே வலிக்கிறது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். வழி தெரியாமல் நின்றால் யாரிடம் எப்படிக் கேட்பது, முன்பின் தெரியாதவன் கூப்பிட்டால் என்ன சொல்லி விலகுவது, எல்லாமே விளையாட்டு, எல்லாமே இங்கிலீஷில். தமிழ் வகுப்பில் வாயில் கொழுக்கட்டை வைத்தாற்போல உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அவளிடம் போனால் கத்தித் தீர்த்தார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். மிசே வராந்தாவில் நின்று பார்த்துவிட்டு, "இது பள்ளிக்கூடமா, கூத்துக் கொட்டாயா?" என்று முணுமுணுத்துக்கொண்டு போவார்.

அந்த விளையாட்டில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவள் தனக்கொடி. பிள்ளைச்சாவடியில் வீடு, ஏழாவது படித்தாள். அவள் அம்மா அஞ்சலாட்சி மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு டவுனுக்கு நடப்பாள். மகள் கூடவே வந்து பள்ளி வாசலில் பிரிந்துகொள்வாள். அப்பன் கட்டுமரத்தில் இடுப்பு ஒடிந்து படுத்த படுக்கை. எட்டாவது முடித்தால் டீச்சர் பயிற்சியில் சேரலாம் என்று சுலோசனா ஒரு தரம் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்கு வேறு நினைப்பில்லை. மத்தியானத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளைப் புளிய மரத்தடியில் உட்காரவைத்து, தானே டீச்சராகி அதட்டிக்கொண்டிருப்பாள். குரலைக் கேட்டால் சுலோசனாதான் பேசுகிறாள் என்று தோன்றும்.

மாசி மாதத்தில் பெற்றோர் விழா வைத்தோம். புதிதாக வந்திருந்த வடநாட்டு அதிகாரியின் மனைவியைத் தலைமைக்கு அழைத்திருந்தார் மிசே. எங்கள் பள்ளியில் எட்டாவது வகுப்பு தொடர்ந்து நடக்க அந்த அதிகாரி மனசு வைக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. நான் பின்கட்டில் வந்தவர்களுக்கு டீ போடும் வேலையில் இருந்துவிட்டேன். மேடையில் சுலோசனாவின் பிள்ளைகள் விருந்தாளி விளையாட்டு ஆடினார்கள். வீட்டுக்கு வந்தவரை எப்படி வரவேற்பது, உட்காரச் சொல்வது, நலம் விசாரிப்பது, எல்லாம் இங்கிலீஷில். தனக்கொடிதான் வீட்டுக்காரி. விருந்தாளியாக ஒரு பையன் மேடையில் காத்திருக்க, அவள் பாட்டுக்கு மேடையை விட்டு இறங்கி, நேரே அந்த அம்மாளிடம் போய்க் கும்பிட்டு, ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினாளாம். அந்த அம்மாளும் சிரித்தபடி வாங்கிக் குடித்துவிட்டாளாம். கைதட்டல் பின்கட்டு வரைக்கும் கேட்டது.

அடுத்த திங்கட்கிழமை தனக்கொடி வரவில்லை. அஞ்சலாட்சி மட்டும் வந்தாள். வாழையிலையில் சுற்றிய வஞ்சிரத் துண்டைச் சுலோசனாவின் மேசையில் வைத்துவிட்டு, அவள் காலைத் தொடக் குனிந்தாள். சுலோசனா பதறிப் பின்வாங்கினாள்.

"நீங்க மகராசியா இருக்கணும் டீச்சரம்மா. எம் பொண்ணுக்கு வழி காட்டிட்டீங்க. நேத்தே கொண்டுபோயி வுட்டுட்டேன்."

"எங்க விட்டீங்க?"

"அந்த ஆபீசரு வூட்டுலதான். அந்தம்மாதான் தண்ணி வாங்கிக் குடிச்சிட்டாங்களே."

சுலோசனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். வெளியூர்க்காரிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? பிள்ளைச்சாவடிப் பெண்கள் தலைமுறையாக வெள்ளைக்காரர் வீடுகளில் வேலைக்கு நின்றவர்கள். பெண்ணை வேலைக்கு விடுவதென்றால், அலங்கரித்துக் கூட்டிப்போய் துரைசானி முன்னால் நிறுத்துவார்கள். பெண் தன் கையால் தண்ணீர் கொடுக்க வேண்டும். துரைசானி வாங்கிக் குடித்துவிட்டால் ஆள் முடிந்தது, பேச்சு மாறக்கூடாது. குடிக்காமல் கீழே வைத்தால் அடுத்த வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான். அஞ்சலாட்சியும் தனக்கொடி வயசில் அப்படித்தான் ஒரு வீட்டில் நுழைந்து, அவர்கள் கப்பலேறும் வரை பிள்ளை தூக்கினாள். இதை நான் சொல்லி முடித்தபோது சுலோசனாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"அது விளையாட்டும்மா. பாடம். விருந்தாளிய உபசரிக்கிறது எப்படின்னு சொல்லிக்கொடுத்தேன். வேலைக்கு விடறதுக்கு இல்ல," என்றாள்.

அஞ்சலாட்சி சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை. உதவி செய்துவிட்டு அடக்கமாகப் பேசுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. "நம்ம ஊரு சனமே எங்க கையால தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாங்க. அம்மாம் பெரிய அம்மா, நாலு பேரு பாக்கக் குடிச்சாங்க. வெளையாட்டுக்கா குடிப்பாங்க?" என்றாள்.

சாயங்காலம் மணி அடித்ததும் நாங்கள் இருவரும் அஞ்சலாட்சியை இழுத்துக்கொண்டு போனோம். வாய்க்காலுக்குக் கிழக்கே, காகிதப்பூ படர்ந்த பெரிய வீடு. தனக்கொடி அந்த வீட்டுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உடனே வாடியும் போனது. அந்த அம்மாள் எங்களை மரியாதையாகத்தான் உட்காரவைத்தாள். கெட்டவள் என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் அவள் அப்படி இல்லை. இவ்வளவு நல்ல பெண்ணை அனுப்பியதற்குச் சுலோசனாவுக்கு நன்றி சொன்னாள். தமிழும் தெரியாமல் ஆளும் கிடைக்காமல் திண்டாடியதாகச் சொன்னாள். சுலோசனாதான் எனக்குத் தணிந்த குரலில் தமிழில் சொல்லிவந்தாள்.

பிறகு சுலோசனா தனக்கொடியிடம் திரும்பினாள். "உனக்கு என்ன வேணும்னு நீயே அவங்ககிட்ட சொல்லும்மா. வகுப்புல பேசற மாதிரி பயப்படாம சொல்லு."

தனக்கொடி குழந்தையை இறக்கிவிட்டாள். பாவாடையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள். தனக்கு இங்கே இருக்க விருப்பமில்லை, படிக்க வேண்டும், டீச்சராக வேண்டும் என்று இங்கிலீஷில் சொன்னாள். தடுமாறாமல், திக்காமல், ஒவ்வொரு சொல்லாக. எனக்கு இங்கிலீஷ் வராது; முழுதும் பிறகு சுலோசனா சொல்லித்தான் தெரியும். ஆனால் டீச்சர் என்ற சொல் எனக்கும் புரிந்தது.

அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்துக் கைதட்டினாள். உள்ளே பார்த்து யாரையோ கூப்பிட்டாள். ஒரு கிழவியும் இரண்டு பிள்ளைகளும் வந்தார்கள். இவர்களுக்கும் ஒருமுறை நடித்துக் காட்டு என்றாள். தனக்கொடி சுலோசனாவைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் சொன்னாள். இந்தத் தடவை குரல் உள்ளே போய்விட்டது. அதற்கும் கைதட்டினார்கள்.

"பாத்தீங்களா, எப்பிடி சந்தோசப்படுறாங்க," என்று அஞ்சலாட்சி என் காதோடு சொன்னாள். அவளை அறையலாம் போல இருந்தது. அழவும் வந்தது.

சுலோசனா எழுந்து நின்று, இது நடிப்பில்லை என்று அந்த அம்மாளிடம் அழுத்தமாகச் சொன்னாள். சிரிப்பு நின்றது. அந்த அம்மாள், தாய்க்கு இஷ்டமானால் இப்போதே கூட்டிப் போகட்டும், தான் தடுக்கவில்லை என்றாள். சுலோசனா அதை அஞ்சலாட்சிக்குத் தமிழில் சொன்னாள். ஒரு சொல்லில் முடிகிற காரியம். தனக்கொடி அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது எப்பிடிங்க ஆவும்?" என்றாள் அஞ்சலாட்சி. "தண்ணி குடிச்சப்பறம் பொண்ணத் திருப்பிக் கூப்புட்டா எங்க குப்பத்துப் பேரு என்னாவுறது? நாளைக்கி எங்க பொண்ணுங்கள ஆரு வூட்டு வாசல்ல சேப்பாங்க? அவரும் படுத்துக் கெடக்குறாரு. இவளாச்சும் நல்லாத் தின்னுட்டு நெழல்ல இருக்கட்டும் டீச்சரம்மா. படிப்பு கெடக்குது."

தனக்கொடி குனிந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் சுலோசனா மிசேயிடம் போய் மன்றாடினாள். அதிகாரியிடம் ஒரு வார்த்தை நீங்கள் பேசி, அவரே பெண்ணைத் திருப்பி அனுப்பினால் அஞ்சலாட்சி கேட்பாள் என்றாள். அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"அந்த மனுஷன் மனசு வெச்சாதான் நமக்கு எட்டாவது. அவரு வூட்டு வேலக்காரப் பொண்ணப் புடுங்கிட்டு வான்னு சொல்றியாம்மா? மத்த பசங்கள நெனச்சிப் பாரு."

எட்டாவது வகுப்பு நிலைத்தது. தனக்கொடியின் இடத்தில் வேறு பெண் உட்கார்ந்தாள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று வாசலில் கூட்டம் முட்டியது. பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு என்று கடலோரத்திலிருந்து அம்மாக்கள் பெண்களுக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரிக் கூட்டி வந்திருந்தார்கள். அதுவரை பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பச் சொன்னால் எங்களை விரட்டியவர்கள். மிசேக்குக் கால் தரையில் பாவவில்லை. "உங்க வெளையாட்டு வேல செஞ்சிடுச்சு," என்று சுலோசனாவைப் பாராட்டினார். எதுவரை படிக்க வைப்பீர்கள் என்று அவள் ஒருத்தியிடம் கேட்டாள்.

"அந்த விருந்தாளி வெளையாட்டு வந்துட்டாப் போதும் டீச்சர். அப்பறம் நிறுத்திக்கிறோம்," என்றாள் அவள்.

சுலோசனா அந்த விளையாட்டை நிறுத்திவிட்டு, பெஞ்சுகளைப் பழையபடி இழுத்துப் போட்டு, இலக்கணப் புத்தகத்தைத் திறந்தாள். ஆடி பிறப்பதற்குள் பாதிப் பெண்கள் நின்றுவிட்டார்கள்.

கார்த்திகை மழையில் ஒரு நாள் அஞ்சலாட்சி நனைந்துகொண்டே வகுப்பு வாசலில் வந்து நின்றாள். கூடையில் மீன் அப்படியே இருந்தது. வழக்கம்போல மீன் கொடுக்க அந்த வீட்டுக்குப் போனாளாம். கதவு பூட்டிக் கிடந்ததாம். அதிகாரிக்குக் கல்கத்தாவுக்கு மாற்றல், எல்லாரும் போயாகிவிட்டது, பெண்ணையும் கூட்டிப்போய்விட்டார்கள் என்று காவல்காரன் சொன்னானாம். அதற்கு முந்தின நாள் போனபோது தனக்கொடி ஏதோ சொல்ல வந்தாளாம். மீன் கெட்டுவிடும் என்று இவள் அவசரமாக நடந்துவிட்டாளாம்.

"கல்கத்தா எந்தப் பக்கம் டீச்சரம்மா? காலாப்பட்டுல பஸ் ஏறுனாப் போயிடலாமா?"

ரெயிலில் ராத்திரி பகலாகப் போக வேண்டும் என்று நான் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். தூரம் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. பிறகு சுலோசனாவைப் பார்த்துக் கேட்டாள்.

"அந்த வூட்டுல தமிழு ஒருத்தருக்கும் தெரியாதே. தூங்கும்போது ஏதாவது கனாக் கண்டு அம்மான்னு கத்துவா, சின்னதுலேந்தே அப்பிடித்தான். இன்னான்னு அவங்களுக்குப் புரியுமா டீச்சரம்மா?"

பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அஞ்சலாட்சி பதிலுக்காக வாசலிலேயே நின்றாள்.