கட்டிப்பிடிக்காத ஆர்லிஸ்

ஆர்லிஸ் ப்ரூயிட் கட்டிப்பிடித்தால் முதுகில் மளுக்கென்று ஒரு சத்தம் கேட்கும். ஓக்லஹோமாவின் அந்தச் சின்ன ஊரில் அந்தச் சத்தம் கேட்காத முதுகே கிடையாது. மாட்டுத்தீவனக் கடைக்காரர், ஆறடி உயரம், அதற்குக் குறையாத தொப்பை. மூட்டை வாங்க வந்தவர், சர்ச்சில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவர், ஒருமுறை வேகமாக வண்டி ஓட்டியதற்கு அபராதம் போட வந்த போலீஸ்காரர் உட்பட யாரையும் இரண்டு கையாலும் அள்ளி இறுக்காமல் விட்டதில்லை.

பக்கத்து ஊர் பெட்ரோல் பங்கில் யாரோ புகுந்து மிரட்டிக் கொள்ளையடித்த பிறகு, தனியாகக் கடை மூடுகிறவனுக்கு ஒரு துப்பாக்கி வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. வகுப்புக்குப் போய், சுட்டுக் காட்டி, முறையாக உரிமமும் வாங்கி வந்தார்.

"மூக்குக்கண்ணாடிய நெத்தியில ஏத்தி வச்சிக்கிட்டு வீடு பூரா தேடுற ஆளுக்கு, துப்பாக்கி ஒண்ணுதான் கொறச்சல்" என்றாள் மனைவி லவோன்.

வகுப்பெடுத்தவர் கறாரான ஆள். "வச்சிருக்கிறது வெளிய தெரிஞ்சா அது பாதுகாப்பு இல்ல, விளம்பரம்" என்று சொல்லியிருந்தார். "குடிக்கிற அன்னிக்கு அதத் தொடாதீங்க. அது இருக்கிற அன்னிக்குக் குடிக்காதீங்க."

ஆர்லிஸ் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். வலது இடுப்பில், பேன்ட்டுக்கு உள்ளே உறை. அதற்கு இடம் வேண்டுமே என்று ஒரு சைஸ் பெரிய பேன்ட். மறைக்க வேண்டுமே என்று, ஆயுள் முழுக்க உள்ளே விட்டுச் செருகியிருந்த சட்டையை வெளியே எடுத்துவிட்டார். கீழே விழுந்ததை எடுக்கக் குனிந்தால் சட்டை மேலேறிவிடும் என்று, முதுகை நிமிர்த்தியபடியே மெல்ல முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுந்தார். தபாலாபீசுக்குள் துப்பாக்கி கொண்டுபோவது சட்டப்படி குற்றம் என்பதால், அங்கே போகுமுன் தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தி, துப்பாக்கியைக் கழற்றி, வண்டிக்குள்ளிருந்த இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டு நடந்தார். கழிப்பறையில் பெரும் திண்டாட்டம். தரையில் வைக்கக்கூடாது, கொக்கியில் மாட்டக்கூடாது. பேன்ட்டை முழங்காலோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்த காரியத்தை முடிப்பதற்குள் வெளியே வரிசை நின்றுவிடும்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம், கட்டிப்பிடிப்பதை நிறுத்தியதுதான். கட்டிக்கொள்கிறவர் கை நேராக இடுப்புக்குத்தானே போகும்? யாராவது கையை விரித்துக்கொண்டு வந்தால் முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மறுகையால் தோளில் ரெண்டு தட்டுத் தட்டி அனுப்பினார்.

ஊர் கவனித்தது. தொளதொள பேன்ட்: ஆள் இளைத்துவிட்டார். குனிய முடியவில்லை: முதுகுத்தண்டு. பாத்ரூமில் அரைமணி: சிறுநீரகம். வெள்ளிக்கிழமை அவருடைய பால்ய நண்பன் டூவி பீர் பாட்டிலை நீட்டியபோது ஆர்லிஸ் வேண்டாமென்று சொன்னதோடு ஊருக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போய்விட்டது.

"எங்கிட்ட மறைக்காதடா. டாக்டர் எவ்வளவு நாள் சொல்லியிருக்காரு?" என்றார் டூவி.

"எனக்கு ஒண்ணுமில்லடா."

"எங்க மாமாவும் இதேதான் சொன்னாரு" என்று டூவி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாளே வாசலில், நோயாளி வீட்டுக்கு ஊரார் சமைத்து அனுப்பும் கேசரோல் பாத்திரங்கள் வந்து இறங்கத் தொடங்கின. கோழி போட்டது, டூனா போட்டது, உருளைக்கிழங்கும் சீஸும் போட்டது. சர்ச்சில் பாஸ்டர் அவர் பெயரைச் சொல்லி ஜெபம் பண்ணினார்.

"இதுக்கு மேல தாங்காது. உண்மையச் சொல்லிடப் போறேன்" என்றார் ஆர்லிஸ்.

"என்ன அவசரம்?" லவோன் இன்னொரு கரண்டி அள்ளிப் போட்டுக்கொண்டாள். "நான் அடுப்புப் பக்கம் போயே எத்தன நாளாச்சு! மெதுவாவே கொணமாகுங்க."

டல்லாஸில் இருந்த மகள் ஷெல்பிக்குச் செய்தி போய்விட்டது. அடுத்த வாரம் சனிக்கிழமை காலை கார் வந்து நின்றது. அழுது வீங்கிய முகத்தோடு ஓடி வந்தாள். "அப்பா!" என்று பாய்ந்தவளை, பழக்கதோஷத்தில் முழங்கையை முன்னால் நீட்டித் தடுத்துவிட்டார் ஆர்லிஸ். தோளில் ரெண்டு தட்டும் தட்டினார்.

ஷெல்பி அப்படியே நின்றாள். "தொட்டாக்கூட வலிக்குதாப்பா?"

"இரும்மா, இதோ வந்துட்டேன்" என்று வண்டிக்குப் போனார். துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். திரும்பி வந்து மகளை அள்ளி இறுக்கினார். மளுக்கென்றது.

விஷயம் தெரிந்ததும் ஷெல்பி படியில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே திட்டினாள். "ஊரே ஒங்களுக்குக் கல்லறையில எடம் பாத்துக்கிட்டிருக்கு, நீங்க இடுப்புல இரும்பச் சொருகிக்கிட்டு சொல்லாம திரியிறீங்க! ஒங்கள என்னதான் பண்றது?"

ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி வண்டியிலேயே கிடந்தது. சர்ச் வாசலில் முதலில் அகப்பட்ட பாஸ்டரிலிருந்து ஆரம்பித்து ஒருவரையும் கட்டிப்பிடிக்காமல் விடவில்லை ஆர்லிஸ். உள்ளே பாஸ்டரின் குரல் தழுதழுத்தது. "கர்த்தர் நம்ம ஜெபத்தக் கேட்டுட்டாரு. பிரதர் ஆர்லிஸ், எந்திரிச்சு ரெண்டு வார்த்தை சாட்சி சொல்லுங்க."

ஆர்லிஸ் எழுந்தார். இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் வாயைத் திறந்தார். அப்போதுதான் கடைசி பெஞ்சில் டூவியைப் பார்த்தார். கல்யாணத்துக்குப் பிறகு சர்ச் வாசலை மிதிக்காத மனிதர், டை கட்டிக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார்.

"பாஸ்டர், நான் வேண்டிக்கிட்டேன்" என்று அங்கிருந்தே கத்தினார் டூவி. "இவனுக்குச் சரியாயிட்டா இனிமே புகையிலையே தொடமாட்டேன்னு வேண்டிக்கிட்டேன்!"

பதினாறு வயதிலிருந்து கன்னத்தில் புகையிலையை அடக்கியே வாழ்ந்தவர். டூவியின் மனைவி பெஞ்சில் இருந்தபடியே இரண்டு கையையும் மேலே தூக்கி நன்றி சொன்னாள்.

ஆர்லிஸ் டூவியைப் பார்த்தார், டூவியின் மனைவியைப் பார்த்தார். "இப்ப நல்லா இருக்கேன். எல்லாருக்கும் ரொம்ப நன்றி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் லவோன் தலையைக் குனிந்துகொண்டாள். ஜெபம் பண்ணுகிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவள் தோள் குலுங்கியது அதனால் இல்லை என்று ஆர்லிஸுக்குத் தெரியும்.

அதன்பிறகு கடை மூடும் நேரத்தில் மட்டும்தான் துப்பாக்கி இடுப்புக்கு ஏறும். டூவி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். புகையிலை இல்லாத டூவியோ, காபியில் சர்க்கரை குறைந்தாலும், காபி ஆறினாலும் சீறி விழுகிற டூவியாகிவிட்டார். அந்தச் சீற்றமெல்லாம் தினமும் காலை உணவுக்கடையில் எதிரே உட்காருகிற ஆர்லிஸ் மேல்தான். ஆர்லிஸ் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசுவதில்லை. தன் தட்டிலிருந்த பேக்கன் கறித்துண்டை எடுத்து டூவியின் தட்டில் வைத்து, "திட்டுடா, நல்லா திட்டு" என்பார்.