காலை எடுத்தால் நின்றுவிடும் கார்

அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்மீது கணவருக்கு இருந்த பிரியத்தில் கால்வாசி தன் மேல் இருந்திருக்கக் கூடாதா என்று அவள் நினைக்காத நாளில்லை. ஐம்பது வயசு வண்டி, இரண்டே பேர் உட்காரலாம். காலையில் ஒரே திருகலில் கிளம்பிவிடும். ஓடிச் சூடான பிறகு நிறுத்தினால்தான் வம்பு. இன்ஜின் சூடு மேலேறி கார்புரேட்டரில் இருக்கும் பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும். அப்புறம் நாற்பது நிமிஷம் ஆறும்வரை, சாவியை எத்தனை தரம் திருகினாலும் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருக்கும்.

அதற்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம் அவள் கால். அவர் இறங்கிப் போகிற இடத்திலெல்லாம் அவள் டிரைவர் சீட்டுக்கு நகர்ந்து, இன்ஜின் அணைந்துவிடாமல் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தபடி காவல் இருக்க வேண்டும். ஆறு வருஷமாக இதே கதைதான். நாத்தனாரின் புது வீட்டைக்கூட அவள் வாசலோடு பார்த்துவிட்டுத் திரும்பியவள்.

இன்று ஆஸ்பத்திரி. அவளுடைய அக்காவுக்குப் பதினோரு மணிக்கு இருதய ஆபரேஷன். அம்மா போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கிய அக்கா. உள்ளே கொண்டுபோவதற்குள் ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட வேண்டும். வண்டி வந்து நின்றபோது மணி பத்து இருபது.

"நான் போய் டாக்டர்கிட்ட பேசிட்டு வந்துடறேன். காலை எடுத்துடாதே."

"எங்க அக்காங்க! நான் போறேன், நீங்க இருங்க."

"டாக்டர் சொல்றது உனக்கு என்ன புரியும்? அஞ்சே நிமிஷம்."

அவருடைய அஞ்சு நிமிஷத்தின் லட்சணம் அவளுக்குத் தெரியாதா? பத்து முப்பத்தைந்து ஆயிற்று. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. அழுகை வந்தது. கைக்குட்டை தேடி, பக்கத்துச் சீட்டுக்கு முன்னால் அவர் வண்டிக் காகிதங்கள் வைக்கும் டப்பாவை எட்டித் திறந்தாள். பிரிக்காத ஒரு பிளாஸ்டிக் பாக்கெட் இருந்தது. உள்ளே ஓட்டை போட்ட தடித்த அட்டை. மேலே மெக்கானிக்கின் கோணல் எழுத்து: 'கார்புரேட்டருக்கு அடியில் மாட்ட. சூடு ஏறாது.'

மெக்கானிக்குக்கு போன் போட்டாள்.

"அது நாலு வருஷம் முன்னாடியே கொடுத்ததாச்சேக்கா! மாட்ட ஒரு மணி நேரம்கூட ஆகாது. வண்டி பொறந்தப்ப இல்லாதது எதுவும் அதுல ஏறக்கூடாதுன்னுட்டாரு சார். வீட்ல பாத்துக்கறாங்க, ஒண்ணும் கஷ்டமில்லேன்னாரு."

ஒண்ணும் கஷ்டமில்லையாம். நாலு வருஷமாக அந்த அட்டை அவள் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் இருந்திருக்கிறது.

"உடனே கிளம்பி வாங்க," என்றாள்.

காலை எடுத்தாள். இன்ஜின் இரண்டு தரம் இருமிவிட்டு அடங்கியது. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, மரத்துப்போன காலை இழுத்து இழுத்துப் படியேறினாள்.

பாதிப் படியில் அவர் எதிரே வந்தார். "வண்டி?"

"நிறுத்திட்டேன்."

"அறிவிருக்கா? இனி நாப்பது நிமிஷம் அது கிளம்பாதே!"

அவள் பாக்கெட்டை அவர் கையில் திணித்தாள். "மெக்கானிக் வர்றார். இதை மாட்டச் சொல்லுங்க. இல்லேன்னா வேற காலைப் பாத்துக்குங்க."

அறைக்குள் நுழைந்தபோது மணி பத்து நாற்பத்தைந்து. அக்கா கண்ணைத் திறந்து, நம்ப முடியாமல் பார்த்தாள்.

"நீயா? அப்ப வண்டியில யாரு இருக்கா?"

"யாரும் இல்லக்கா," என்று கட்டிலில் உட்கார்ந்தாள்.